ஒரு வேலைக்கு நாலு சுத்தியல்

நம் ஆபீஸில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஏழெட்டு இளம் ஊழியர்களுக்கு,

போன வெள்ளிக்கிழமை எனக்கு விடைகொடுத்த தேநீர் விருந்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். கேக் நன்றாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் முழுப் பேச்சும் வரிசையாக வந்தது. ஆகவே எழுதித் தருகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் ஸ்டாண்டர்டு செவனோடு படிப்பை நிறுத்தியவன். என்னை வேலை தேடி வருகிறவர்களின் பெயரைப் பதியும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். கம்பிவலை அடித்த ஜன்னல். கூச்சக்காரனுக்கு வலை நல்ல பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆனால் வலை வழியாகவும் ஆளின் முகம் தெரியும். முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல எனக்கு வராது. "பார்க்கலாம்" என்பேன். அந்த ஒரு சொல்லால் நாலு பட்டதாரிகளை நான் போலீஸ் லோரியில் ஏற்றினேன். பட்டதாரிகள் என்பது நாங்கள் ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். உண்மையில் அவர்கள் தொழிற்பள்ளியில் மூன்று வருடம் படித்து, சர்டிபிகேட் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியவர்கள்.

அது மலாயாவில் அவசரகாலம். நீங்கள் தொட்டிலில் இருந்திருப்பீர்கள். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை, ரோட்டில் சோதனை, எஸ்டேட் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று பஸ்ஸை நிறுத்தி, சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்ப்பார்கள். அப்போதும் மலாக்காவில் வேலை இருந்தது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவத் தெரிந்தவனுக்கு உடனே வேலை. சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்தவனுக்குக் கொஞ்சம் பொறுத்தால் வேலை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தொழிற்பள்ளிக்காரர்கள். ஒர்க்‌ஷாப் முதலாளி, "படிச்சவன் கையில அழுக்குப் படுமா?" என்பார். ஆபீஸ் முதலாளி, "கிரீஸ் பிடிச்ச கையில பேனாவா?" என்பார். கடிதம் எழுதி ஆள் கேட்கிறவர்கள் எல்லாரும் ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். அனுபவம் எங்கே கிடைக்கும்? வேலையில். வேலை யாருக்குக் கிடைக்கும்? அனுபவம் உள்ளவனுக்கு. இந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு என் ஜன்னலுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்காருவார்கள்.

பதிவு அட்டையில் "அனுபவம்" என்று ஒரு கட்டம் உண்டு. நீங்களும் அதே அட்டையில்தான் எழுதுகிறீர்கள். அந்தக் கட்டத்தில் நான் "இல்லை" என்று எழுதுவேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராத சொல்லைக் காகிதத்தில் எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறேன்!

அந்தப் பெஞ்சில் நிரந்தரமாக நாலு பேர். கோபாலுக்கு வாய் ஓயாது. மணியம் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பொய் சொல்லுவான், அதையும் மோசமாகச் சொல்லுவான். தாவீது கோயில் பாட்டைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்க மாட்டான். நாலாவது ஆள் சிதம்பரம், எலக்ட்ரிக் ஒயரிங் படித்தவன்.

சிதம்பரத்தின் நெருக்கடியை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் அப்பா அம்மா மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பால்மரம் சீவினார்கள். வேலி போட்ட பிறகு அங்கே புது உத்தரவு வந்தது. வேலைக்காரர்களின் பெயர் எழுதும் செக்ரோலில் பெயர் இல்லாத வயதுவந்த ஆள் யாரும் வேலிக்குள் தங்கக் கூடாது. சிதம்பரத்துக்கு இருபத்திரண்டு வயது. மாதக் கடைசிக்குள் எஸ்டேட்டில் ஏதாவது வேலையில் பெயர் ஏற வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும். கத்தியை எடுத்து மரம் சீவப் போனால் மறுநாளே பெயர் ஏறிவிடும். ஆனால் மகன் கத்தி எடுக்கக் கூடாது என்று தாலியை விற்றுப் படிக்க வைத்தவள் அவன் அம்மா. அவள் உத்தரவு அதைவிடக் கடுமையானது.

அப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை அதே எஸ்டேட்டிலிருந்து டெலிபோன் வந்தது. பாலைத் தகடாக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மறுநாள் பத்து மணிக்கு அனுப்புங்கள். ஆளின் பெயரையும் அனுபவத்தையும் எழுதிக் கொடுத்தனுப்பும் கார்டு ஒரு வேலைக்கு ஒன்றுதான், அதுதான் விதி. நான் சிதம்பரத்துக்குக் கார்டு எழுதினேன். கடைசி பஸ் போய்விட்டதால் அன்றிரவு டவுனிலேயே தங்குவதாகச் சொன்னான். அவன் போனதும் தாவீது வந்து ஒன்றும் பேசாமல் நின்றான். பேசாமல் நிற்கிறவனிடம் எப்படி மறுப்பது? அவனுக்கும் எழுதினேன். கோபால் பேசிப் பேசியே வாங்கினான். மணியம் தனக்கு ஐந்து வருட அனுபவம் இருப்பதாகச் சொன்னான். அவன் மீசை அதற்குச் சாட்சி சொல்லவில்லை. இருந்தும் எழுதினேன். நாலு பேரிடமும் ஒரே வாக்கியம் சொன்னேன்: "உனக்கு மட்டும்தான். வெளிய சொல்லாத."

மறுநாள் காலை எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கார்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினார்.

"என்ன காணும் இது? ஒரு வேலைக்கு நாலு கார்டு?"

"நாலு பேரும் கேட்டாங்க, சார்."

"கேட்டால்? நாளைக்கு என்ர கதிரையைக் கேட்டால் அதையும் எழுதிக் குடுப்பீரோ?"

நான் அவருடைய நாற்காலியைப் பார்த்து யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

"ஓடும்! பஸ்ஸைப் பிடியும்! மூண்டு கார்டைத் திருப்பி வாங்காமல் இந்தப் படியில கால் வைக்க வேண்டாம்!"

எந்த மூன்று என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மெர்லிமாவ் பஸ் கிளம்பும்போது ஓடி ஏறினேன்.

உள்ளே நாலு பேரும் இருந்தார்கள். நாலு பேர் மடியிலும் பச்சை பெயிண்ட் அடித்த மரப் பெட்டி. பள்ளியில் கொடுத்த கருவிப் பெட்டி. என்னைப் பார்த்ததும் நாலு பேரும் நாலு பக்கமும் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்கள். ஒவ்வொருவனும் தன் ரகசியத்தைக் காப்பாற்றுகிறான்!

"கார்டைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்க தம்பி." சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அதை உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். முதலில் "தம்பி" முன்னால் வரட்டும் என்று மாற்றினேன். பிறகு "கொஞ்சம்" வேண்டாம் என்று எடுத்தேன். அதற்குள் உம்பாய் தாண்டிவிட்டது. பின்னால் அவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"எங்கடா பெட்டியோட கிளம்பிட்ட?" என்று கோபால் கேட்டான்.

"பொண்ணு பாக்க" என்றான் மணியம்.

"பொண்ணு பாக்க ரம்பம் எதுக்குலா?"

"அவங்க வீட்டுக் கதவு சரியில்லையாம். நீ எங்க?"

"அத்த வீட்டுக்கு."

"அத்தைக்கு ஸ்பேனரா?"

"ஜெபக் கூட்டம்" என்றான் தாவீது. அவனை யாரும் கேட்கவில்லை.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றான் சிதம்பரம். அது ஒன்றுதான் உண்மை. அதைத்தான் யாரும் நம்பவில்லை. "பாரு, எப்படிப் பொய் சொல்றான்!" என்று மணியமே சிரித்தான்.

பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே முள்கம்பி. எல்லாரும் இறங்கச் சொன்னார்கள். மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் ஒருவர் அடையாளக் கார்டு பார்த்து, கூடைகளைக் கிளறி, பச்சைப் பெட்டிகளிடம் வந்தார். ஒன்றைத் திறந்தார். ரம்பம், அரம், ஸ்பேனர், சுத்தியல். இரண்டாவதைத் திறந்தார். ரம்பம், அரம், ஸ்பேனர், சுத்தியல். நாலாவதைத் திறக்கும்போது அவர் முகம் மாறியது. நாலு சுத்தியலையும் ஜீப்பின் மூக்கில் வரிசையாக வைத்து, ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் நடுங்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் முதல் வருடப் பரீட்சையே இரும்புக் கட்டியை அரத்தால் ராவி ஒரு சுத்தியல் செய்வது. மூன்று மாதம் ராவுவார்கள். தன் சுத்தியலைப் பற்றிப் பேசினால் அவர்களுக்கு வேறு எதுவும் நினைவில் நிற்காது.

"ஒரே மாதிரியா?" என்று கோபால் மலாயும் தமிழும் கலந்து கொதித்தான். "சார்ஜன், நல்லா பாருங்க. மணியத்தோடது மூஞ்சி கோணல்!"

"கோணலா? வாத்தியார் எனக்கு எம்பது மார்க் போட்டாரு!"

"பரிதாபப்பட்டுப் போட்டாருடா!"

"என்னுடையது ஒரு நூல் பிசகில்ல" என்றான் தாவீது. அன்று அவன் பேசிய இரண்டாவது வாக்கியம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய சீனக் கிழவி ஒருத்தி கோழிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, சுத்தியல்களைக் குனிந்து பார்த்து, சிதம்பரத்தினுடையதைச் சுட்டிக்காட்டித் தலையாட்டினாள். கோபாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

சார்ஜன் சிரிக்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டார். அத்தை வீடு. ஜெபம். பெண் பார்க்க. சொந்த வீடு. பிறகு சட்டைப் பைகளைச் சோதித்தார். நாலு பையிலும் ஒரே கார்டு, ஒரே எஸ்டேட், ஒரே நேரம், அடியில் ஒரே கையெழுத்து. நாலு ஆட்களைக் கருவிகளோடு, பொய் சொல்லி, காட்டோரத்து எஸ்டேட்டுக்கு அனுப்புவது யார் என்று கேட்டார். இப்போது குரல் வேறாக இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால் விசாரணை என்று கொண்டுபோவார்கள். எப்போது திரும்புவோம் என்பது யாருக்கும் தெரியாது.

நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். ஒருவனும் என் பக்கம் திரும்பவில்லை. தனக்கு மட்டும் உதவி செய்த அண்ணனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொருவனும் தனித்தனியாக முடிவு செய்திருந்தான்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்த நேரத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் என் கை தானாக மேலே போனது.

"அது என் கையெழுத்து" என்றேன். "ஒரு வேலைதான் இருக்கு. நான்தான் நாலு பேருக்கும் எழுதினேன்."

நாலு தலையும் ஒன்றாகத் திரும்பின.

"அண்ணே! எனக்கு மட்டும்னீங்களே!"

நாலு குரலில் ஒரே வாக்கியம். சார்ஜன் என்னைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், சுத்தியல்களைப் பார்த்தார். ஏன் நாலு பேருக்கு எழுதினாய் என்றார். "கேட்டாங்க" என்றேன். அவர் முதலில் மீசைக்குள் சிரித்தார். பிறகு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொல்லி டிரைவர் சிரித்தார், டிரைவர் சொல்லிச் சீனக் கிழவி சிரித்தாள். இருந்தாலும் கடமை கடமைதான். எங்கள் ஐந்து பேரையும் ஒரு போலீஸ் லோரியில் ஏற்றி, எஸ்டேட் துரையே பார்த்துச் சொல்லட்டும் என்று அனுப்பினார்.

எஸ்டேட்டுக்குள் நுழையும்போது பால் நிறுக்கும் நேரம். எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். வரிசையிலிருந்து ஒரு பெண் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சிதம்பரத்தின் அம்மா.

"ஐயோ, எம்புள்ளய புடிச்சிட்டாங்களே!"

"அம்மா, வேலைக்கும்மா! வேலைக்கு வந்திருக்கேன்!"

"வேலைக்கு வர்றவன போலீஸ் லோரிலயாடா கொண்டாருவாங்க? யாரு அந்த மூலையில குனிஞ்சுகிட்டு இருக்கிற ஆளு?"

குனிந்துகொண்டிருந்தது நான்.

துரை வெள்ளைக்காரர். தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். ஆனால் தமிழைக் கற்றது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில். மரியாதைச் சொற்கள் அந்தப் பாடத்தில் இல்லை. நாலு கார்டையும் சீட்டுக்கட்டுபோல் மேசையில் போட்டார்.

"ஒரு ஆள் நான் கேட்டது. அஞ்சு வருசம் அனுபவம் கேட்டது. நீ என்ன எழுதினது? அனுபவம் இல்லை. இல்லை. இல்லை. இல்லை. சரி, நீ சொல்லு. எது நல்ல ஆள்?"

ஒருவனுக்கும் இல்லை என்று சொல்ல முடியாமல் வந்தவன் நான். இப்போது மூன்று பேரின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வாசலில் சிதம்பரத்தின் அம்மா ஈரக் கையோடு நிற்கிறாள். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள். அவன் பெயரைச் சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் அது எஞ்சின் வேலை. அவன் ஒயரிங் படித்தவன். பொய்யாகப் பெயர் சொன்னால் ஒரு வாரத்தில் எஞ்சினே அதைச் சொல்லிவிடும்.

இரண்டு வருடமாக ஒருநாள்கூடக் கேட்காத கேள்வியை அப்போதுதான் அவர்களிடம் கேட்டேன். "தம்பிங்களா, உங்க நாலு பேர்ல எஞ்சினுக்கு யாரு?"

"இவன்தான்" என்று தாவீதைக் காட்டினான் கோபால்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாண்ணே? இவன்தான்" என்றான் மணியம். அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை.

சிதம்பரம் அம்மா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு அவனும் தாவீதைக் காட்டினான். "எஞ்சின்னா இவன்தான், துரை. நாங்க கையால தடவிப் பார்ப்போம். இவன் தூரத்துல இருந்தே கேட்டுச் சொல்லிருவான்."

ஸ்டோரில் எஞ்சின் இரண்டு நாளாகப் படுத்திருந்தது. துரை தாவீதை அங்கே கூட்டிப்போனார். நாங்களும் போனோம். வரிசையில் நின்ற பாதிப் பேரும் வந்தார்கள். தாவீது காதை வைத்தான், ஒரு குழாயைக் கழற்றினான், ஊதினான், மாட்டினான். எஞ்சின் இருமியது, புகையைக் கக்கியது, ஓடியது! ஜனங்கள் கை தட்டினார்கள். எல்லாரையும்விட உரக்கத் தட்டியது சிதம்பரம்.

துரை தாவீதின் தோளில் தட்டினார். வேலை முடிந்தது. என் வேலையும் முடிந்தது. மூன்று கார்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து அவ்வளவு பேசியிராத எனக்கு அன்று கள் குடித்ததுபோல் இருந்தது. வாய் நிற்கவில்லை. லோரியில் வரும்போது வேலித் தூண்களில் பாதிக்குமேல் மின்விளக்குக்குப் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் லாந்தர் தொங்கியதைக் கவனித்திருந்தேன்.

"துரை, வேலி விளக்கு யாரு பாக்குறாங்க?"

"டவுன்ல ஆள் இருக்கு. கூப்பிட்டது. வரல."

"எத்தனை நாளா வரல?"

"மூணு மாசம். அது நீ எதுக்குக் கேக்குறது? அது காலி வேலை இல்லை."

"நீங்க எங்களுக்கு எழுதல, துரை. அதனாலதான் காலியாத் தெரியல."

இதைச் சொன்னது நான்தானா என்று கோபால் எட்டிப் பார்த்தான். நான் சிதம்பரத்தைப் பிடித்து முன்னால் தள்ளினேன். துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு விளக்கு தெரியுமா?"

"மேற்குப் பக்கம் மூணாவது தூண்ல ஒயர் உள்ளுக்குள்ள வெந்து கிடக்கு, துரை" என்றான் சிதம்பரம். "அதனால அதுக்கு அப்பால ஒண்ணும் எரியல. ஆத்துப் பக்கம் ஏழு தூணுக்கு மழைத்தண்ணி இறங்குது. கேட்டுல இருக்கிற சுவிட்ச எப்படிப் போட்டாலும் நிக்காது. பழுதான நாள்ல இருந்து தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தெரியும்னா ஏன் செய்யல?"

"செக்ரோல்ல பேர் இல்லாத ஆளு வேலியில கை வச்சா சுட்ருவாங்க, துரை."

துரை வேலிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு எஸ்டேட் கிராணியைக் கூப்பிட்டு, செக்ரோலைக் கொண்டு வரச் சொன்னார்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வேலைக்கு நாலு கார்டு எழுதாதீர்கள். அது தப்பு, அந்தத் தப்புக்காகப் பெரிய கிராணி ஒரு வருடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நாலு கார்டு" என்றுதான் கூப்பிட்டார். இன்னொன்று, அனுபவக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதும் முன் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வையுங்கள். உனக்கு என்ன தெரியும், உங்களில் இதற்கு யார் கெட்டி என்று கேளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. "எஞ்சின் ஓசை கேட்டுப் பழுது சொல்வார்" என்று எழுதுவேன். கட்டம் சின்னது, ஓரத்திலும் எழுதுவேன். ஆள் கேட்டு யாராவது டெலிபோன் செய்தால், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, உங்கள் இடத்தில் வேறு என்ன பழுதாகக் கிடக்கிறது என்றும் கேட்பேன். எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. மணியம் எட்டு மாதம் பெஞ்சில் இருந்து, பிறகு ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தான். கோபால் சிங்கப்பூர் போனான். ஒரு கடிதம் போட்டான், அதிலும் சுத்தியலைப் பற்றித்தான்.

அன்று திரும்பும் பஸ்ஸுக்காக நானும் அவர்கள் இருவரும் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே பச்சைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி வெயில். உள்ளே மேற்குப் பக்கத்து மூன்றாவது தூணில் ஏணி சாத்தி, வெள்ளைச் சட்டையோடு சிதம்பரம் ஏறிக்கொண்டிருந்தான். வேலிக்குக் காவல் நிற்கும், செய்தி இன்னும் எட்டாத ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு அந்தப் பக்கம் விரைந்தார். அவருக்கு முன்னால், கையில் பால் வாளியோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த அம்மா ஓடினாள். லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"சுட்றாதீங்கய்யா! அவன் பேர எழுதியாச்சு! எழுதியாச்சு!"